மெல்லிசை மன்னர் விட்டுச் சென்ற ஒலிச் செல்வம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இசையைப் பற்றிப் பேச இசைவாணர் ஒருவரை அழைத்திருக்கலாம். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடைகொடுத்துவிட்டு, ரயில்வே அலுவலகத்தில் பதிவேடுகளோடு காலம் கழிக்கும் எழுத்தனாகிய என்னைப் பேசுமாறு செயலாளர் பணித்தார்கள். பெரியோர் சொல்லைத் தட்டலாகாது என்று ஒப்புக்கொண்டேன். சுரம், சுருதி பற்றிய நுட்பங்களை நான் அதிகம் தொடப்போவதில்லை. ஆனால், ஒரு பொருள் எங்கிருந்து வந்தது, யார் அனுப்பினார், யாரைச் சென்று சேர வேண்டும் என்று எழுதி வைப்பதே என் தொழில். அத்தொழிலின் கண்கொண்டு, மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விசுவநாதன் அவர்கள் நமக்கு விட்டுச் சென்ற ஒலிப்பதிவுகளைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன்.

விசுவநாதன் அவர்கள் 1928ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்தார். நான்கு வயதிலேயே தந்தையை இழந்தார். வறுமையிடையே வளர்ந்த அச்சிறுவன் கண்ணனூரில் நீலகண்ட பாகவதரிடம் இசை பயின்றான். பின்னர் ஜுபிடர் பட நிறுவனத்தில் எடுபிடிப் பணியாளனாகச் சேர்ந்து, எஸ்.எம்.சுப்பையா நாயுடு, சி.ஆர்.சுப்பராமன் ஆகிய இசையமைப்பாளர்களின் நிழலில் தொழில் கற்றான். வயலின் மேதை டி.கே.இராமமூர்த்தியோடு இணைந்து 1952ஆம் ஆண்டு வெளிவந்த 'பணம்' படத்திற்கு இசையமைத்தார். 1963ஆம் ஆண்டு அவ்விருவருக்கும் 'மெல்லிசை மன்னர்கள்' என்னும் பட்டம் சூட்டப்பெற்றது. 1965இல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு இருவரும் பிரிந்தனர். அதன்பின் விசுவநாதன் தனியே பல்லாண்டுகள் இசையமைத்து, 2015ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் தமது 87ஆம் வயதில் மறைந்தார்.

இவ்வளவும் உங்களுள் பலர் அறிந்ததே. நான் கேட்க விரும்புவது வேறொன்று. அத்தகைய மனிதர் மறைந்தபின் நம் கையில் எஞ்சியிருப்பது யாது?

கவிஞர் மறைந்தால் நூல் இருக்கிறது. சிற்பி மறைந்தால் கல் இருக்கிறது. இசையமைப்பாளர் மறைந்தால்? மேனாட்டில் இதற்கு ஒரு விடை உண்டு. அமெரிக்க நாட்டில் ஜார்ஜ் கெர்ஷ்வின் என்றொரு பியானோக் கலைஞர் இருந்தார். 1898இல் பிறந்து 1937இல் இளமையிலேயே மறைந்தவர். மக்கள் விரும்பும் மெல்லிய பாடல்களுக்கும், பெரிய வாத்தியக் குழுவுக்குரிய படைப்புகளுக்கும் இசையமைத்தவர். 1924ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் தமது புகழ்பெற்ற படைப்பொன்றைத் தாமே பியானோவில் அமர்ந்து வாசித்தார். அதே ஆண்டில் அது இசைத்தட்டாகவும் வந்தது. அந்நாட்டில் பாடல்களைச் சுரக் குறியீட்டோடு தாளில் அச்சிட்டுக் கடைகளில் விற்றனர். பியானோ உள்ள வீட்டில் எந்தப் பெண்ணும் அத்தாளை விரித்து வைத்து அப்பாட்டை வாசிக்கலாம். அதுவுமன்றி, துளையிட்ட காகிதச் சுருளைப் பொருத்தினால் தானே இயங்கும் பியானோவும் அங்கு இருந்தது. கெர்ஷ்வினின் விரல்கள் வாசித்த வாசிப்பு அத்தகைய சுருள்களிலும் பதிந்து நிற்கிறது. ஆகவே அச்சிட்ட தாள், காகிதச் சுருள், இசைத்தட்டு என மூன்று வழிகளில் அவர் இசை வாழ்கிறது.

நம்மவர் கதை அவ்வாறன்று. விசுவநாதன் அவர்களின் கருவி ஆர்மோனியம். கவிஞர் ஒருபுறம், இயக்குநர் ஒருபுறம் அமர்ந்திருக்க, ஆர்மோனியத்தின்மேல் விரல் ஓட, மெட்டுப் பிறக்கும். உதவியாளர்கள் சுரங்களை எழுதிக்கொள்வர். வாத்தியக்காரர்களுக்குரிய தாள்கள் ஒலிப்பதிவு அன்றைக்கென எழுதப்படும். அன்றைய பணி முடிந்ததும் அத்தாள்களின் வேலையும் முடிந்தது. அவற்றை அச்சிட்டு மக்களுக்கு விற்கும் வழக்கம் நம் நாட்டில் வேரூன்றவில்லை. பாட்டுப் புத்தகம் விற்றோம். அதில் சொல் இருந்தது, சுரம் இல்லை. ஆதலின் விசுவநாதன் இசைக்கு ஒலிப்பதிவு ஒன்றே மூல ஓலை. அது சிதைந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு சுவடி கிடையாது. இதை நாம் நெஞ்சில் இருத்த வேண்டும்.

அந்த ஒலிப்பதிவு எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இளைஞர்கள் அறிதல் நலம். இக்காலத்தில் பாடகர் ஒரு நாள் வந்து பாடுகிறார். வயலின் வேறொரு நாள், தாளம் மற்றொரு நாள். அனைத்தையும் கணிப்பொறி சேர்த்துக் கொடுக்கிறது. 1950, 1960ஆம் ஆண்டுகளில் அவ்வாறில்லை. பாடுவோரும் வாசிப்போரும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் கூடினர். ஒலிவாங்கிகள் சிலவே. எந்தக் கருவியை அருகில் வைப்பது, எதைத் தொலைவில் வைப்பது என்பதைக் கொண்டே ஒலியின் அளவைச் சமன் செய்தனர். நான்கு நிமிடப் பாட்டில் மூன்றரையாவது நிமிடத்தில் ஒரு விரல் தவறினாலும், அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனவே நாம் இன்று கேட்கும் அக்காலப் பாட்டு ஒவ்வொன்றும், பலர் மூச்சை அடக்கி ஒருமனப்பட்டு நின்ற சில நிமிடங்களின் சாட்சியாகும்.

இதைக் கண்ணாலேயே காண விரும்புவோர், ஏவி.எம். நிறுவனத்தார் 1964இல் எடுத்த 'சர்வர் சுந்தரம்' படத்தைப் பாருங்கள். அதில் ஒரு பாட்டின் ஒலிப்பதிவே காட்சியாக அமைந்திருக்கிறது. டி.எம்.சௌந்தரராஜன் ஒலிவாங்கியின் முன் நின்று பாட, விசுவநாதன் கைகளை வீசி வாத்தியக் குழுவை நடத்திச் செல்கிறார். சுற்றிலும் வாத்தியக்காரர்கள் அமர்ந்து வாசிக்கின்றனர். பாடகரின் முகம் தெரியும். மெல்லிசை மன்னரின் முகம் தெரியும். ஆனால் மற்றவர்களின் பெயரை நம்மில் எத்தனை பேர் கூறவல்லோம்? இசைத்தட்டின் நடுவே ஒட்டிய வட்டச் சீட்டில் படத்தின் பெயர் உண்டு, பாடியோர் பெயர் உண்டு, இசையமைப்பாளர் பெயர் உண்டு. புல்லாங்குழலுக்கு உயிர் கொடுத்தவர் யார், கிட்டார் மீட்டியவர் யார், பியானோவில் அமர்ந்தவர் யார் என்பதற்கு அச்சீட்டில் இடமில்லை. அதே 1964இல் வந்த 'புதிய பறவை' படத்தில் பியானோவின் ஒலி முன்னிற்கும் பாட்டைக் கேட்டு மயங்காதார் இல்லை. அவ்விசை தட்டில் நிற்கிறது. வாசித்தவர் பெயர் தட்டில் நிற்கவில்லை.

எங்கள் அலுவலகத்தில் பார்சல்கள் வந்து இறங்கும். சில பொதிகளில் சீட்டுக் கிழிந்து போயிருக்கும். உள்ளே பட்டுப் புடவை இருக்கலாம், பாத்திரம் இருக்கலாம், பொருளுக்கு ஒரு குறையும் இராது. ஆனால் பெயர் இல்லை. குறித்த காலம்வரை வைத்திருந்து, உரிமை கோருவார் இல்லையெனில் ஏலத்திற்கு அனுப்புவர். பொருள் கெட்டதனால் அன்று, பெயர் அழிந்ததனால் அது அனாதையாயிற்று. பாட்டும் அத்தன்மையதே.

மெல்லிசை மன்னர் வாழ்விலேயே இதற்குச் சான்று உண்டு. ஜுபிடரில் இருந்த காலத்தில் அவர் உருவாக்கிய மெட்டொன்றைச் சுப்பையா நாயுடு கேட்டு வியந்து, படத்தில் பயன்படுத்திக்கொண்டார் என்றும், சிறுவன் ஆக்கியது என்றால் எவரும் ஏற்கமாட்டார்கள் எனக் கருதி அதை அப்போது வெளியில் கூறவில்லை என்றும், பின்னர் நிறுவனத்தாரிடம் உண்மையைக் கூறி அவனுக்கு வழி காட்டினார் என்றும் பலர் எழுதியுள்ளனர். 1952இல் சுப்பராமன் இளவயதில் மறைந்தபோது, அவர் முடிக்காமல் விட்ட படங்களின் இசைப்பணியை விசுவநாதனும் இராமமூர்த்தியும் நிறைவேற்றிக் கொடுத்தனர். 1953இல் வந்த 'தேவதாஸ்' அவற்றுள் ஒன்று. ஆசிரியர் பெயரைத் தாங்கிய படத்தில் மாணவர்களின் உழைப்பு மறைந்து நின்றது. அதை அவர்கள் மனமுவந்து செய்தனர், அது பண்பு. ஆனால் வரலாற்றை எழுதுபவன் இரு பெயரையும் எழுதிவைக்கக் கடமைப்பட்டவன்.

இன்று நாம் செய்யும் அநீதி ஒன்றும் உண்டு. 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' மூன்றும் 1961இல் வந்தவை. 'நெஞ்சில் ஓர் ஆலயம்' 1962. 'கர்ணன்', 'காதலிக்க நேரமில்லை' 1964. இவற்றின் பாடல்களைக் கேட்டதும் 'விசுவநாதன் பாட்டு' என்கிறோம். அவை விசுவநாதன் – இராமமூர்த்தி இருவரின் படைப்புகள். திருச்சியில் 1922இல் பிறந்து 2013இல் மறைந்த இராமமூர்த்தி அவர்களின் வயலின் அப்பாடல்களின் குருதியில் கலந்திருக்கிறது. அவர்கள் இருவருமே 1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்திற்காக மீண்டும் சேர்ந்தனர். 2012இல் தமிழக முதலமைச்சர் கையால் ஒரே மேடையில் 'திரையிசைச் சக்கரவர்த்தி' பட்டமும் பெற்றனர். பிரிந்தவர்களே மேடையில் கூடி நின்றபின், நாம் ஏன் ஒருவர் பெயரை விடுதல் வேண்டும்?

இனி, இவ்வொலிச் செல்வம் நம் வாயிலுக்கு வந்த வழியைக் காண்போம். 1952இல் மத்திய அமைச்சர் கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியது. நம் மக்கள் என் செய்தனர்? இலங்கை வானொலியின் பக்கம் முள்ளைத் திருப்பினர்! கடல் கடந்து வந்த அலையில், கரகரப்பினூடே, தமிழ்ப்பாட்டுக் கேட்டனர். பாட்டுக்கு முன் படத்தின் பெயரையும் கவிஞர், இசையமைப்பாளர், பாடகர் பெயர்களையும் அழகுத் தமிழில் கூறும் வழக்கத்தை அவ்வானொலி நமக்குப் பழக்கியது. 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கிய பின்னரே நம் நாட்டு வானொலி திரைப்பாடலுக்குக் கதவைத் திறந்தது. மறுபுறம், அரக்கினால் ஆன, நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலும் தட்டுகள் வந்தன. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்திற்குச் சற்று மிகுதியாகவே பதிய முடியும். எனவே நீண்ட பாட்டைச் சுருக்கினர், அல்லது இரு பக்கமாகப் பிரித்தனர். பின்னர் 45 சுற்றுத் தட்டு, பன்னிரண்டு அங்குல நெடுந்தட்டு, அதன்பின் ஒலிநாடா, குறுந்தகடு என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

அல்சூர் ஏரிக்கு இப்பால் ஜோகுபாளையத்தில் வாழும் நம் குடும்பங்களுக்கு இவையெல்லாம் வெறும் பொழுதுபோக்கு அல்ல. ஊரை விட்டு வந்தவர்கள் கட்டுச்சோற்றோடு மொழியையும் கட்டிக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் கற்றனர். அது நன்றே, வாழும் நாட்டின் மொழியைக் கற்றல் கடமை. ஆனால் தமிழ் எழுத்தறியாத பிள்ளையின் நாவிலும் தமிழ்ச்சொல் பிறழாமல் நின்றது எதனால்? திருமண வீட்டு ஒலிபெருக்கியிலும், அம்மன் திருவிழாவிலும், அந்தி வேளையில் அடுக்களை மாடத்து வானொலியிலும் கேட்ட பாட்டினாலன்றோ? சௌந்தரராஜன், சுசீலா ஆகியோரின் தெளிந்த உச்சரிப்பே பல வீடுகளில் முதல் தமிழாசிரியர். அந்த ஆசிரியர்களுக்கு மேடை அமைத்தவர்கள் மெல்லிசை மன்னர்கள்.

'எல்லாம் இப்போது கைப்பேசியில் கிடைக்கிறதே, பழைய தட்டுக்கு ஏன் கவலை?' என இளைஞர் வினவலாம். நல்ல வினா. கைப்பேசியில் பாட்டுக் கிடைக்கிறது. விவரம் கிடைப்பதில்லை, அல்லது பிழைபடக் கிடைக்கிறது. கவிஞர் பெயர் விடுபட்டிருக்கும், ஆண்டு மாறியிருக்கும், இராமமூர்த்தி காணாமல் போயிருப்பார். படத்தில் உள்ள பாட்டும் தட்டில் உள்ள பாட்டும் நீளத்திலும் வரிகளிலும் வேறுபடுவதுண்டு. கைப்பேசியில் நீங்கள் கேட்பது எது என்று யார் சொல்வார்? வீட்டில் உள்ள தட்டு தன் வட்டச் சீட்டோடும் எண்ணோடும் பேசும். எங்கள் தெருவில் ஒரு குடும்பம் வீடு மாறியபோது, தாத்தா வாங்கிச் சேர்த்த தட்டுகள் நிறைந்த பெட்டி, எடைக்கு எடை பழைய சாமான் வண்டியில் ஏறிச் சென்றதைக் கண்டேன். கொடுத்தவர்மேல் குற்றமில்லை, அதன் அருமையை அவர்க்கு எடுத்துரைப்பார் இல்லை.

தமிழ்த்தாய் வாழ்த்தைப் பற்றி ஒன்று கூற வேண்டும். 1891இல் வெளிவந்த பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' நாடகத்திலிருந்து எடுத்த பகுதி அது. 1970இல் தமிழக அரசு அதை ஏற்றபோது, மோகன இராகத்தில் மெட்டமைத்தவர் விசுவநாதன். சௌந்தரராஜனும் சுசீலாவும் பாடிய பதிவு ஊரெங்கும் ஒலித்தது. 2021 டிசம்பரில் தமிழக அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது, 55 வினாடிகளில் பாட வேண்டும் என்றும், பதிவை ஒலிபரப்புவதைத் தவிர்த்துப் பயிற்சி பெற்றோர் வாயால் பாட வேண்டும் என்றும் கூறியது. இதன் உட்பொருளை எண்ணிப் பாருங்கள். பதிவு என்பது பெட்டியில் பூட்டி வைக்கும் நகையன்று. வாயிலிருந்து வாய்க்குச் செல்லும் பாட்டுக்கு அது விதைநெல். விதைநெல்லைக் காப்பது மீண்டும் விதைப்பதற்கே.

இன்னொன்றும் எண்ணுங்கள். தமிழுக்கு வாழ்த்துப்பண் அமைத்தவர் மலையாள மண்ணில் பிறந்தவர். அவரோடு பணியாற்றிய ஜி.கே.வெங்கடேஷ் அவர்களோ, 'பங்காரத மனுஷ்ய' முதலிய கன்னடப் படங்களுக்கு இசையமைத்துக் கன்னட மக்களின் நெஞ்சில் குடியேறியவர். இசைக்கு எல்லைக் கல் இல்லை. 2009இல் இதே அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை திறக்கப்பெற்றதை நாம் கண்டோம். அண்டை வீட்டாரின் பாட்டை மதித்துக்கொண்டே நம் பாட்டைக் காப்பது நமக்கு இயலாத செயலன்று.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். பெரும் பொருட்செலவு வேண்டா. ஒரு தடித்த பதிவேடும் ஒரு பேனாவும் போதும். ஒவ்வொரு வீட்டிலும் உள்ள தட்டு, ஒலிநாடா, பாட்டுப் புத்தகம் ஆகியவற்றைப் பட்டியல் இடுவோம். படம், ஆண்டு, கவிஞர், இசையமைப்பாளர், பாடியோர், தட்டின் எண் எனக் கட்டங்கள் அமைப்போம். இறுதியில் ஒரு கட்டம் அகலமாக இருக்கட்டும்: 'இது யார், எப்போது, எதற்காக வாங்கியது?' என்பதற்கு. மகளின் திருமணத்திற்கு வாங்கியது என்றோ, முதல் சம்பளத்தில் வாங்கியது என்றோ பாட்டி சொல்வார். அதைக் கேட்டு எழுத வேண்டியவர் பேரப்பிள்ளை. தமிழில் எழுத வேண்டும். கட்டத்திற்கு நான்கு சொல்லே ஆயினும், நூறு தட்டுகளை எழுதி முடிக்கையில் அப்பிள்ளை தமிழ் எழுதக் கற்றிருக்கும். பாட்டியின் வரலாற்றையும் அறிந்திருக்கும்.

பொருளைக் காப்பதும் எளிதே. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நூல்களைப்போல் நிமிர்த்தி வையுங்கள். வெயில் படலாகாது, அடுப்பின் அருகு ஆகாது. அரக்குத் தட்டைச் சாராயம் கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள். அது அரக்கைக் கரைத்துவிடும். மெல்லிய உலர்ந்த துணி போதும். தட்டின் நடுச்சீட்டில் நீர் படவிடாதீர்கள். பெயர் அங்குதான் இருக்கிறது.

விரைதல் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. தட்டு இன்னும் பல ஆண்டுகள் இருக்கும். அது வந்த கதையைக் கூறவல்ல முதியோர் அவ்வளவு காலம் இருப்பர் என்று நாம் உறுதி கூற இயலாது. சென்ற ஆண்டு விழாவில் முன்வரிசையில் அமர்ந்திருந்த சிலர் இவ்வாண்டு இல்லை. அவர்களோடு எத்தனை பாட்டுகளின் வரலாறு போயிற்றோ!

விசுவநாதன் அவர்கள் பிறர் இசையில் பாடவும் தயங்கியதில்லை. 2002இல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில், ஏ.ஆர்.ரகுமான் இசையில், பிறந்த மண்ணை விட்டுப் பிரிவோரின் துயரை அவர் பாடியிருக்கிறார். எழுபதைக் கடந்த குரல். நடுக்கம் உண்டு, தளர்ச்சி இல்லை. ஊரை விட்டு வந்த நம் போன்றோர் ஒருமுறை அமைதியாக அமர்ந்து அதைக் கேட்க வேண்டும். கேட்டபின், உங்கள் வீட்டுப் பரணில் உள்ள பெட்டியை இறக்குங்கள். வரும் ஞாயிறு காலை பதிவேட்டோடு சங்கக் கூடத்தில் காத்திருப்பேன்.

 வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!